தறி மிதிக்கும் முழங்கால்: முட்டி வலி வந்தாலே ஆபரேஷன்தானா? ஆரணி நெசவாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஒரு பட்டுப் புடவையின் நீளம் சுமார் 5.5 மீட்டர். ஓர் அங்குலத்துக்கு 50 ஊடை இழை என்று குறைத்தே கணக்கு வைத்தாலும், ஒரு புடவை முடிவதற்குள் 10,800 முறை நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு முறை நாடா ஓடுவதற்கும் காலால் மிதியை அழுத்த வேண்டும். அதாவது, ஒரே ஒரு புடவைக்கு பத்தாயிரம் தடவைக்கு மேல் கால் வேலை செய்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்று வட்டார ஊர்களிலும் இதுதான் அன்றாடப் பிழைப்பு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதை நெய்கிறவர் நாற்பது வயதைத் தாண்டும்போது, "முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே ஆபரேஷன்தான்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. சிலர் பயந்து வலியோடவே வருஷக்கணக்கில் தறியில் உட்காருகிறார்கள். சிலர் தேவையில்லாத ஊசிக்கும் சிகிச்சைக்கும் கடன் வாங்குகிறார்கள்.

உண்மையில் முட்டி வலிக்கு எது பலன் தரும், எது தராது? ஆபரேஷன் யாருக்கு அவசியம்? மாற்று மூட்டோடு மறுபடியும் தறியில் உட்கார முடியுமா? பார்க்கலாம்.

மூட்டுத் தேய்மானம் என்றால் என்ன?

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவில் சவ்வு இருக்கிறது. சுற்றிலும் மூட்டு நீர். இவை மூன்றும் சேர்ந்துதான் எலும்பும் எலும்பும் உரசாமல் பார்த்துக்கொள்கின்றன.

வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை, செய்கிற வேலை என்று பல காரணங்களால் இந்தக் குருத்தெலும்பு மெலிகிறது. எலும்பின் ஓரங்களில் முள் மாதிரி வளர்ச்சி வருகிறது. மூட்டு உறை வீங்குகிறது. தொடைத் தசை பலம் இழக்கிறது. இதுதான் மூட்டுத் தேய்மானம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2019-ல் உலகம் முழுக்க சுமார் 52.8 கோடி பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அதில் 36.5 கோடி பேருக்கு பாதிப்பு முழங்காலில். பாதிக்கப்பட்டவர்களில் 60 சதவீதம் பெண்கள். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் தெரிந்தது.

தறியில் முழங்காலுக்கு என்ன நடக்கிறது?

கால்குழித் தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உள்ள பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். இந்த நிலையில் முழங்கால் ஏறக்குறைய நாற்காலியில் உட்காருகிற அளவுக்குத்தான் மடங்குகிறது. சம்மணம் போடுவதையோ குத்த வைப்பதையோ விட இது முட்டிக்குச் சுலபம்தான்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? மூன்று இடத்தில்.

முதலாவது, மிதி. புட்டாவும் பார்டரும் அதிகமுள்ள புடவைக்கு ஜக்கார்டு பெட்டி தேவை. அதன் கொக்கிகளையும் நூல்களையும் தூக்குவது மிதிக்கிற கால்தான். பாரம் கூடக் கூட தொடைத் தசையும் முட்டிச் சில்லும் வாங்குகிற அழுத்தம் கூடும். பல தறிகளில் இந்த வேலையை ஒரே கால்தான் நாள் முழுக்கச் செய்கிறது.

இரண்டாவது, குழியில் இறங்கி ஏறுவது. தரை மட்டத்தில் இருந்து எழும்போது முழு உடல் எடையும் மடங்கிய முட்டி வழியாகத்தான் போகிறது. நூல் அறுந்தால் எழ வேண்டும். தார் தீர்ந்தால் எழ வேண்டும். சாப்பாட்டுக்கும் எழ வேண்டும்.

மூன்றாவது, தறிக்கு வெளியே உள்ள வாழ்க்கை. தரையில் உட்கார்ந்து பாவு சரி செய்வது, வீட்டு வேலை, இந்தியக் கழிப்பறை என்று மீதி நேரத்திலும் முட்டி மடங்கியே இருக்கிறது.

மடங்கிய முட்டிக்கும் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் ஆராயப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் டேவிட் காகன் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் நீண்ட நேரம் மண்டியிடுவோருக்கும் குத்த வைப்போருக்கும் முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இளம் வயதில் அதிக நேரம் குத்த வைத்தவர்களுக்குப் பின்னாளில் தேய்மானம் அதிகம் என்று சீனாவின் பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு 2004-ல் காட்டியது.

நெசவாளர்களுக்கு முட்டி மட்டும் பிரச்சினை இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கைத்தறி, விசைத்தறி இரண்டிலுமே முதுகு வலிதான் முதலிடத்தில் இருந்தது. முதுகு நரம்பு அழுந்தினாலும் காலில் வலி தெரியும். அதனால் கால் வலி என்று போகிறவருக்கு முதுகையும் சேர்த்துப் பரிசோதிப்பது அவசியம்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் இல்லை

தேய்மான வலி பொதுவாக எழும்போதும், படி ஏறி இறங்கும்போதும் கூடும்; ஓய்வில் குறையும். காலையில் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

விரல் மூட்டுகள், மணிக்கட்டு எல்லாம் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. சீக்கிரம் தொடங்கினால் மூட்டு சிதைவதைத் தடுக்கலாம். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி இருக்கும்.

முட்டி சிவந்து, சூடாக வீங்கி, கூடவே காய்ச்சல் இருந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாமல் போனாலோ, முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அதையும் தள்ளிப்போடக் கூடாது.

எக்ஸ்ரேயைப் பார்த்து பயப்பட வேண்டுமா?

எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957-ல் வகுத்த முறை இது. "நாலாவது ஸ்டேஜ்" என்று கேள்விப்பட்டதும் பலர் ஆடிப்போகிறார்கள்.

ஆனால் படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தும் ஓரளவு நடமாடுபவர்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. எனவே எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்வதில்லை. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூக்கம் கெடுகிறதா, வேலை நின்றுபோனதா என்பதெல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

கத்திக்கு முன்னால் எது வேலை செய்யும்?

உலக அளவில் எல்லா மருத்துவ வழிகாட்டுதல்களும் முதலில் சொல்வது உடற்பயிற்சியைத்தான். "வலிக்கிற முட்டிக்குப் பயிற்சியா?" என்று தோன்றும். ஆனால் தொடையின் முன்பக்கத் தசை பலமானால் மூட்டு வாங்கும் அதிர்ச்சியை அது பகிர்ந்துகொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி சில நொடிகள் நிறுத்துவது, படுத்துக்கொண்டு நீட்டிய காலைத் தூக்குவது போன்ற எளிய பயிற்சிகள் போதும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். பாதியில் விட்டால் பலனும் போய்விடும்.

அடுத்து எடை. அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005-ல் காட்டியபடி, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி வாங்கும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ பாரம் இறங்கின மாதிரி.

இதையெல்லாம் செய்ய டவுனுக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம்.

மருந்துக்கடை மாத்திரையில் மட்டும் கவனம் தேவை. வலி மாத்திரையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஊசி, 'சுத்தம் செய்வது': ஆய்வுகள் சொல்வது என்ன?

முட்டியில் சிறு துளை போட்டு, கேமரா விட்டு, தேய்ந்த மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் பரவலாக நடந்தது. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் 180 பேரிடம் இதைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சை. மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறல், உள்ளே எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. தேய்மானத்துக்கு மட்டும் இந்தச் சிகிச்சை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் 3 மாதத்துக்கு ஒருமுறை என்று 2 வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் குறைந்தது. சொந்த ரத்தத்தில் இருந்து தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, உப்புநீர் ஊசியைவிட அது குறிப்பிடும்படி மேலாக இல்லை. குளுக்கோசமின் மாத்திரையும் 1,583 பேரிடம் நடந்த 2006 ஆய்வில் மொத்தத்தில் பெரிய பலன் காட்டவில்லை.

அதனால் விலை அதிகமான ஊசிக்கு நகையை அடகு வைக்கும் முன், "இது எத்தனை மாதம் தாங்கும்?" என்று கேட்பது நல்லது.

மூட்டு மாற்று யாருக்கு?

பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாம் முறையாகப் பார்த்த பிறகும் நடக்கவே முடியவில்லை, இரவில் வலியால் தூக்கம் இல்லை, கால் வளைந்துகொண்டே போகிறது என்றால், அங்கே மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு இணையாக வேறு எதுவும் இல்லை.

டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு வருடத்துக்குப் பிறகு, மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு வலி மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. ஆனால் ரத்தக் கட்டி போன்ற பாதிப்புகளும் அவர்களிடம்தான் அதிகம். ஆபரேஷன் இல்லாத சிகிச்சை எடுத்த 50 பேரில் 13 பேருக்கு மட்டுமே அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது.

மாற்று மூட்டு எவ்வளவு நாள் தாங்கும்? 2019-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுப்படி, முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு அது 25 வருடம் தாங்குகிறது. இளம் வயதிலேயே மாற்றினால் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். அதனால்தான் 45 வயதுக்காரரிடம் மருத்துவர்கள் "கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்கிறார்கள். அதே சமயம், தொடைத் தசை முழுக்க வற்றும்வரை காத்திருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு தேறுவது கஷ்டம்.

மாற்று மூட்டோடு தறியில் உட்கார முடியுமா?

ஆரணிக்காரர்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். மாற்று மூட்டு பொதுவாக 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். தறியில் உட்கார சுமார் 90 டிகிரி போதும். ஆக, உட்காருவது தடை இல்லை. தரை மட்டத்துக்கு இறங்கி ஏறுவதுதான் தடை. குத்த வைப்பது, சம்மணம், தரையில் உட்காருவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

இதற்குத் தறியில்தான் மாற்றம் தேவை. தறியைச் சட்டத்தின் மீது உயர்த்தி, நாற்காலி உயரத்தில் உட்காரும்படி செய்யலாம். குழித்தறியே என்றால் குழிக்குள் ஒரு படி, கையால் பிடித்து எழ ஒரு கட்டை வைக்கலாம். ஜக்கார்டு பாரத்தைத் தூக்க மோட்டார் வைத்தால் காலின் வேலை பெரிதும் குறையும். இந்த மாற்றங்கள் ஆபரேஷன் ஆனவருக்கு மட்டும் அல்ல. இப்போதுதான் வலி தொடங்கியவருக்கும் உதவும்.

மேம்பட்ட தறி, ஜக்கார்டு உள்ளிட்ட உபகரணங்களுக்கு மத்திய அரசின் கைத்தறி உதவித் திட்டத்தில் செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கிறது. காஞ்சிபுரத்தில் உள்ள நெசவாளர் சேவை மையத்திலோ, கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கைத்தறித் துறையிலோ விசாரிக்கலாம்.

செலவு எவ்வளவு?

செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரியாக 1.58 லட்சம் ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறங்கியது. அதன் பிறகும் விலைக் கட்டுப்பாடு நீட்டிக்கப்பட்டது. ஆனால் இது மூட்டின் விலை மட்டுமே. தனியார் மருத்துவமனையில் அறை வாடகை, டாக்டர் கட்டணம் எல்லாம் தனி. பில்லில் மூட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இதில் செய்யப்படுகிறது. ஆரணிக்குப் பக்கத்தில் வேலூர், திருவண்ணாமலை இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. விவரங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"என்ன வேலை செய்றீங்க?" என்று டாக்டர் கேட்டால், "நெசவு" என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடாது. குழித்தறியா உயரத் தறியா, எந்தக் காலால் மிதிக்கிறோம், ஜக்கார்டு உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை தடவை எழுந்து உட்காருகிறோம் என்று சொல்ல வேண்டும். முடிந்தால் தறியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை செல்போனில் எடுத்துப் போகலாம்.

பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்கலாம். இது தேய்மானம்தானா, வேறு நோயா? ஆபரேஷன் இல்லாமல் மூணு மாசம் பயிற்சி செய்து பார்க்கலாமா? ஆபரேஷன் செய்தால் எத்தனை மாதத்தில், எந்த மாதிரித் தறியில் மறுபடி உட்காரலாம்?

மூன்றாவது கேள்வியை ஆபரேஷனுக்குப் பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். தறியில் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றால், தேதி குறிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.