பேசும் பொம்மை ரோபோ வாங்கப் போறீங்களா? அதோட மூளை எங்கே இருக்குன்னு முதல்ல கேளுங்க

தலையைத் தடவினா கண்ணைச் சிமிட்டுது. கூப்பிட்டா திரும்பிப் பார்க்குது. குழந்தைக்கு இப்படி ஒரு ரோபோ வாங்கலாம்னு நினைக்கிறீங்களா? விலையைப் பார்க்கும் முன்னாடி, அதோட மூளை எங்கே இருக்குன்னு பாருங்க.

எப்படி வேலை செய்கிறது?

தொடுதலை உணர சென்சார், பார்க்க கேமரா, கேட்க மைக், அசைய மோட்டார். 1999-ல் சோனி வெளியிட்ட ஐபோ நாய்க்குட்டியிலேயே இதெல்லாம் இருந்தது. விலை 2,50,000 யென். ஆனாலும் ஜப்பானில் 3,000 நாய்கள் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. அதன் மூளை அதற்குள்ளேயே இருந்தது.

இன்று உரையாடும் ரோபோக்கள் பலவற்றின் கதை வேறு. குழந்தை பேசுவது இன்டர்நெட் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கே பதில் தயாராகி, குரலாகத் திரும்பி வரும். உங்க வீட்டில் இருப்பது உடம்பு மட்டும்தான்.

சர்வர் நின்றுபோனால்?

ஜிபோ ரோபோ 2017-ல் வீடுகளுக்கு வந்தது. சர்வர் நிற்கப் போவதை 2019-ல் அதுவே தன் குரலில் சொல்லி விடைபெற்றது. குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோவின் விலை 799 டாலராக இருந்தது. அதைத் தயாரித்த எம்பாடிட் நிறுவனம், மூடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அதை இயக்க பிறகு ஒரு மென்பொருள் வந்தது. ஆனால் அந்த வேலை பெற்றோர் தலையில்.

ஐபோ உற்பத்தியும் 2006-ல் நின்றது. 2014-ல் சோனி பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. ஆனாலும் பழைய நாய்களின் பாகங்களைப் பொருத்தி மற்றவற்றை ஓடவைக்க முடிந்தது. உடைந்த பொம்மையைக் காட்டிக் குழந்தைக்குப் புரியவைக்கலாம். உடையாமலே பேச்சை நிறுத்தின தோழனைப் பற்றி என்ன சொல்வீங்க?

கேட்டதெல்லாம் எங்கே போகும்?

இணையத்தோடு இணைந்த கேய்லா பொம்மையை, மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லி 2017-ல் ஜெர்மனி தடை செய்தது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதனால 'ஐ அக்ரீ' பட்டனைத் தட்டும் முன் படிச்சுப் பாருங்க.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* வைஃபையை ஆஃப் செய்தால் என்னென்ன செய்யும்?
* மாதச் சந்தா உண்டா? கட்டாவிட்டால் என்ன ஆகும்?
* பதிவான குரலையும் படத்தையும் நாமே அழிக்க முடியுமா?
* கேமரா, மைக்கை அணைக்கத் தனி சுவிட்ச் இருக்கா?

முதல் கேள்விக்கு "ஒண்ணும் செய்யாது"ன்னு பதில் வந்தா, நீங்க வாங்குவது பொம்மை இல்லை, ஒரு சேவை. அதுக்கு ஆயுள் எவ்வளவுன்னு முடிவு செய்வது நிறுவனம்தான்.