மெக்னீசியம்: கர்ப்பிணியிலும் பச்சிளங்குழந்தையிலும்

மெக்னீசியம், கர்ப்பிணியின் இரத்தத்திலும் கொடிவழியே சிசுவின் இரத்தத்திலும் ஓடும் தாதுச்சத்து. கர்ப்பமில்லாத பெண்களின் இரத்தத்தில் இது லிட்டருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடுவதால் இந்த அளவு சற்றுக் குறையும். கொடி இரத்தத்தின் அளவு தாயினுடையதை ஒட்டியே அமையும்.

இதே மெக்னீசியம் கடல்நீரிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உண்டு. வேதாரண்யம் அகத்தியம்பள்ளி உப்பளப் பாத்திகளில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் திரண்டு நிற்பவை இதன் குளோரைடும் சல்பேட்டும்.

அந்தச் சல்பேட்டே பேதி உப்பு. 1618இல் இங்கிலாந்தின் எப்சம் ஊரில், மாடுகள் குடிக்க மறுத்த ஊற்றில் இது கண்டறியப்பட்டது என்பது மரபுக்கதை. மருத்துவர் நெஹமையா குரூ 1695இல் இவ்வுப்பைப் பற்றி நூல் எழுதினார். 1808இல் வேதியியலர் ஹம்ப்ரி டேவி மெக்னீசிய உலோகத்தைத் தனியே பிரித்தார். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் ஹார்ன் பிரசவ ஜன்னி எனப்படும் கர்ப்பகால வலிப்புக்கு இச்சல்பேட்டை முதுகுத்தண்டில் செலுத்தினார், துணிச்சல்தான். 1920களில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லாசார்ட் சிரைவழிக்கு மாற்றினார். 1955இல் அமெரிக்க மருத்துவர் பிரிச்சர்ட் வகுத்த முறை அவர் பெயராலேயே நிலைத்தது: சிரையில் 4 கிராம், இரு புட்டங்களிலும் ஐந்தைந்து கிராம், பின்னர் 4 மணி நேரத்துக்கொருமுறை 5 கிராம். ஆயினும் பல நாட்டு மருத்துவர்கள் வலிப்படக்கி மருந்தான டயசிபாமை விடவில்லை. இந்தியாவும் பங்கேற்ற 1995ஆம் ஆண்டு ஆய்வு (1,687 பெண்கள்) வழக்கைத் தீர்த்தது: டயசிபாமோடு ஒப்பிட, மறுவலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. 33 நாடுகளில் நடந்த மேக்பை ஆய்வு (2002), வலிப்பு வருமுன் தருவதும் பயன்தரும் எனக் காட்டியது.

சிகிச்சையின்போது தாயின் இரத்தத்தில் மெக்னீசியம் அளவு லிட்டருக்கு 2 முதல் 3.5 மில்லிமோல் வரை உயர்த்தப்படும். அதைத் தாண்டினால் முதலில் முழங்கால் அனிச்சை மறையும், பிறகு மூச்சு தளரும். முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகமே ஆதலால் சிறுநீரை அளப்பதும் இதற்காகவே. முறிமருந்து கால்சியம் குளுக்கோனேட்.

தாய்க்கு ஏற்றியது சிசுவுக்கும் ஏறும். குழந்தை துவண்டு, மூச்சு மெலிந்து பிறக்கலாம். பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடும். குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போட 5 முதல் 7 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தந்தால் சிசுவின் எலும்பு நலியும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. மாறாக, குறைமாதப் பிரசவத்துக்குச் சற்றுமுன் தருவது சிசுவின் மூளையைக் காக்கும்.

கர்ப்பிணியின் கெண்டைக்கால் குரக்களிக்கு மெக்னீசியம் மாத்திரை பயன்தருமா என்பது உறுதியாகவில்லை. கேழ்வரகு, கீரை, எள், நிலக்கடலை ஆகியவற்றில் மெக்னீசியம் உண்டு.

இன்று அரசு மருத்துவமனைகளில் மெக்னீசியம் சல்பேட் ஊசி கிடைக்கிறது. வலிப்பு கண்ட கர்ப்பிணிக்குச் சிறிய மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம்.