ராமேஸ்வரம் கடற்கரையில் மலேரியா ஆய்வு

ராமேஸ்வரம் தீவையும் அதையொட்டிய ராமநாதபுரம் கடற்கரையையும் களமாகக் கொண்ட மலேரியா ஆய்வுகள் ஒட்டுண்ணியியல், பூச்சியியல், மரபியல், சமூக மருத்துவம் ஆகிய துறைகளைச் சார்ந்தவை. நோய்பரப்பும் புதிய கொசு இனம் ஒன்று அடையாளம் காணப்பட்டது இவற்றின் பெரிய பயன்.

இந்தக் கரைக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பழையது. 1914இல் இந்திய-இலங்கை ரயில், கப்பல் தடம் திறந்தபின், தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். ஆனால் மலேரியா, ஆளை அடைத்து வைத்தால் நின்றுவிடும் நோயல்ல. 1934-35இல் இலங்கையில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது அனோபிலஸ் கூலிசிஃபேசிஸ் கொசு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ராமேஸ்வரத்திலும் மலேரியாவைப் பரப்பியது இதே கொசுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், பி. கே. ராஜகோபாலன் தலைமையில் தீவில் களப்பணி செய்தது. கிணறுகளும் மணலில் தோண்டிய ஊற்றுக் குழிகளும் கொசுவுக்கு இடம் தந்தன. மருந்தடித்தும் நோய் ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு, 1986இல் வெளியான கட்டுரை மக்களின் இடப்பெயர்ச்சியைக் காரணமாகக் காட்டியது. மீன்பிடிப் பருவத்துக்கேற்பக் கரை மாறி வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்குபவர்கள், தெளிப்பிலும் ரத்தப் பரிசோதனையிலும் எளிதில் விடுபட்டுப்போகிறார்கள். மருத்துவ ஆய்வு மீனவரின் ஆண்டுச் சுழற்சியைப் படிக்க முன்வந்ததே இதில் போற்றத்தக்கது.

ஒரு முரண் மட்டும் மிஞ்சியது. கூலிசிஃபேசிஸ் என்பது உருவில் பிரித்தறிய முடியாத பல உடன்பிறப்பு இனங்களின் தொகுதி. இதில் ‘பி’ இனம் பெரும்பாலும் மாட்டின் ரத்தத்தையே நாடுவது, மலேரியாவைப் பரப்புவதில் வலுவற்றது. தீவில் பிடித்தவையோ நிறப்புரி வரிகளின்படி ‘பி’. ஆனால் மனிதரைக் கடித்தன, நோயையும் பரப்பின.

ஆய்வாளர் சரளா சுப்பாராவ் குழுவினர் தாய்க்கொசுவிலிருந்து அதன் மகனுக்குப் போய் விடை கண்டார்கள். பிடித்த பெண் கொசுவை முட்டையிடவிட்டு, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். முட்டையிலிருந்து வளர்ந்த ஆண் புழுக்களின் மூளைத் திசுவில் ஒய் நிறப்புரியை ஆராய்ந்தார்கள். வழக்கமான ‘பி’யில் அதன் இணைவுப்புள்ளி நுனியோரம் இருக்கும். ஒட்டுண்ணி சுமந்த தாய்களின் மகன்களிலோ அது நடுப்பக்கம் நகர்ந்திருந்தது. 1999இல் இது ‘ஈ’ இனம் என அறிவிக்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு இனங்கள் கலந்து கிடந்ததுதான் அதுவரை இருந்த குழப்பம்.

மறு ஆண்டே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. நோபிள் சுரேந்திரனும் உடன் ஆய்வாளர்களும் இலங்கையிலும் ‘பி’, ‘ஈ’ இரண்டும் இருப்பதை இதே முறையில் கண்டார்கள். பாக் நீரிணைக்கு இருபுறமும் மலேரியாவின் வேர் ஒன்றே என்பது அப்போது தெளிவாயிற்று.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கள ஆய்வை உள்ளூரிலிருந்தே நடத்த வாய்ப்பு வந்துவிட்டது, வேலையும் காத்திருக்கிறது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், எதிர்க்கரையான மன்னாரில், இந்திய நகரங்களில் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலஸ் ஸ்டீஃபன்சி என்ற மலேரியாக் கொசு அந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.