அடைபட்ட குழாயின் கதை

டயலிசிஸ் என்டதும் நாங்க மெசினைப் பற்றித்தான் கதைக்கிறம். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால் மெசினை விடப் பெரிய சிக்கல், இரத்தத்தை வெளியே எடுத்து மறுகா உள்ளே விடுவதற்கான வழிதான். அமிர்தகழி ஆக்களுக்கு இது லேசா விளங்கும். முகத்துவாரத்தை மண் மூடினால் வாவித் தண்ணி கடலுக்குப் போகாது, வெட்டிவிடத்தான் வேணும். எங்க வெட்டுற, எப்ப வெட்டுற என்டதுதான் கேள்வி.

1638இல் எங்கட கோட்டையைப் பிடிச்ச அதே ஒல்லாந்தில், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், காம்பன் என்ற சிறு நகரத்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் சொசேஜஸ் அடைக்கும் செலோபேன் உறையால் செயற்கைச் சிறுநீரகம் செய்தார். 1943இல் 29 வயதுப் பெண்ணொருவருக்குப் பன்னிரண்டு தடவை இரத்தம் சுத்திகரித்தார். மெசின் நல்லா வேலை செய்தது. ஊசி குத்த இரத்தக்குழாய்தான் மிச்சமில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் கையில் டெஃப்லோன் குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் மேலும் பதினொரு வருசம் வாழ்ந்தார். ஆனால் அந்தக் குழாய் அடிக்கடி அடைபட்டது, கிருமியும் தொற்றியது. அடுத்த வருசம் லண்டனில் ஷால்டன், ஊசி குத்தி, கம்பி விட்டு, அதன் மேல் குழாயைச் செலுத்தும் முறையைத் தொடையில் செய்துகாட்டினார். இன்று கழுத்தில் தொங்கும் கதீற்றரின் மூதாதை அதுதான்.

கதீற்றர் வந்ததும் பழுது பார்க்கும் கலையும் வந்தது. இரத்தம் வராவிட்டால் உடனே 'அடைச்சிட்டு' என்டு முடிவுகட்டக் கூடாது. வைத்த அன்றே வரவில்லையா? குழாய் மடிந்திருக்கும், தையல் இறுக்கியிருக்கும், நுனி பிழையான இடத்தில் கிடக்கும். படுக்கையை மாற்றி, இரும வைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். கிழமைக்கணக்கில் ஓடிய பிறகு நின்றால்தான் இரத்தக்கட்டி மேல் சந்தேகம். சிரிஞ்சால் சேலைன் தள்ளினால் போகுது, இழுத்தால் வரமாட்டுது என்டா, குழாயைச் சுற்றி ஃபைப்ரின் உறை வளர்ந்து நுனியில் கதவு போல மூடியிருக்கலாம். கட்டி கரைக்கும் மருந்தைக் குழாய்க்குள் நிரப்பி வைப்பார்கள். அமெரிக்காவில் யூரோகைனேஸ் 1999இல் நிறுத்தப்பட்டதும் அந்த இடத்தை அல்டெப்லேஸ் பிடித்தது. அதுவும் சரிவராவிட்டால் பழைய குழாய் வழியே கம்பி விட்டுப் புதியதை மாற்றுவார்கள். இரண்டு லைனையும் மாறிக் கொழுவினாலும் மெசின் ஓடும். ஆனால் சுத்தமான இரத்தத்தில் ஒரு பங்கு கிறுகிச் சுத்தமாகும், அன்றைய டயலிசிஸின் பலன் குறையும். குளிர்காய்ச்சல் வந்தால் கதை வேற. அது அடைப்பு அல்ல, கிருமி.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கு. காறை எலும்புக்குக் கீழுள்ள நாளத்தில் வருசக்கணக்காகக் குழாய் வைத்தார்கள். அந்த நாளம் பலருக்குச் சுருங்கிப்போனது 1980களில்தான் தெளிவானது. இன்று முதல் தெரிவு வலது கழுத்து.

இத்தனைக்கும் நல்ல வழி 1966இலேயே கிடைத்துவிட்டது. நியூயோர்க்கின் பிரொங்ஸில் பிரெசியா, சிமினோ, அப்பெல் மூவரும் மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் இணைத்தார்கள். குழாயே தேவையில்லை. ஆனால் அந்த ஃபிஸ்டுலா பருத்து முதிரக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். பிந்தி வருகிறவருக்கும், கையை வெட்டப் பயந்து தள்ளிப்போடுகிறவருக்கும் அதுவரை கழுத்துக் குழாய்தான். சிறுநீரக வருத்தம் என்டு தெரிந்த நாளிலிருந்தே எழுதாத கையில் சேலைன் ஏற்றவோ இரத்தம் எடுக்கவோ விடாதீங்க என்டு சொல்லுறது, அந்த நாளங்கள் ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும் என்பதால்தான்.