மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த கணக்கு

சத்துமாவுப் பொட்டலத்தில் ‘புரதம் இத்தனை கிராம்’ என்று அச்சிட்டிருக்கும். அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் யாரும் நேராக அளப்பதில்லை. மாவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிவிடுகிறார்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தப் பெருக்கல்.

நைட்ரஜனை வைத்துக் கணக்குப் பார்ப்பது பிறந்தது தொழுவத்தில். விலங்குகள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கின்றனவா என்று அறிய, பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1839இல் ஒரு கறவை மாட்டின் தீவனத்தையும் பால், சாணம், சிறுநீரையும் அளந்து வரவு செலவு பார்த்தார். அந்தக் கேள்வி மறைந்தது, முறை மட்டும் மனிதர்களிடம் வந்து சேர்ந்தது.

தசை புரதத்தை எரித்தே வேலை செய்கிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொல்லிவந்த காலம் அது. 1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசெனுஸ் என்ற இரு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினார்கள். முந்தைய நண்பகலிலிருந்தே புரதம் தொடவில்லை. மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த அப்பமும் சர்க்கரை போட்ட தேநீரும்தான் சாப்பாடு. எரிந்த புரதத்தின் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், வழியெல்லாம் அதைச் சேர்த்தார்கள். அதிலிருந்த நைட்ரஜனுக்கு உரிய புரதம், அவ்வளவு உயரம் ஏறும் ஆற்றலைத் தந்திருக்கவே முடியாது!

ஆனாலும் மியூனிக்கின் ஃபோய்ட், உழைப்பாளிக்கு நாளுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். உழைப்பாளிகள் வழக்கமாகச் சாப்பிட்டதையே தேவை என்று எடுத்துக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் சிட்டெண்டன் 1904இல், அதில் பாதியே போதும் என்று ராணுவ வீரர்களை வைத்துக் காட்டினார்.

நைட்ரஜனை அளப்பதை எளிதாக்கியது பீர். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் கெல்டால், பார்லியின் புரதத்தை அறிய 1883இல் ஒரு வழி கண்டார்: தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளப்பது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தக் குடுவைக்குத் தெரியாது. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைனைச் சேர்த்த பாவிகள் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன.

வரவும் செலவும் தெரிந்தாலும் நடுவில் உடலுக்குள் நடப்பது தெரியவில்லை. ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி கொலம்பியா பல்கலைக்கழகம் வந்த ஷோன்ஹைமருக்கு, அங்கே வேதியியலாளர் யூரே பிரித்தெடுத்த, தனியே அடையாளம் காணக்கூடிய கனநைட்ரஜன் கிடைத்தது. அதை அமினோ அமிலத்தில் பொதித்து எலிகளுக்குக் கொடுத்தார். பாதிக்கு மேல் உடலின் புரதத்திலேயே போய்ச் சேர்ந்தது. வளர்ந்து முடிந்த உடலும் ஓயாமல் தன்னைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது!

அமினோ அமிலத் தேவையை அறிய இன்று கார்பன்-13 கலந்த அமினோ அமிலத்தைக் கொடுத்து, வெளிவிடும் மூச்சில் அதைத் தேடுகிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இந்தியர்களிடம் நடந்த ஆய்வுகளும் சேர்ந்து, பெரியவர்களுக்கு லைசின் என்ற அமினோ அமிலத்தின் தேவை 1985இன் 12 மில்லிகிராமிலிருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கையில் 30 ஆனது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு நாளைக்கு. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருப்பது இந்த லைசின்தான். பருப்பில் அது தாராளம்.