கோயம்புத்தூர் கஜானாவும் 1822-ஆம் ஆண்டுச் சட்டமும்

உதகமண்டலத்தை உருவாக்கியவர் என்றே ஜான் சல்லிவனை நாம் அறிந்திருக்கிறோம். நீலகிரிக்கு ஏறுவதற்கு முன்பு கோயம்புத்தூரில் அவர் ஒரு பெரும் கையாடல் வழக்கின் கணக்குகளைப் புரட்ட நேர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வில்லியம் காரோ கலெக்டராக இருந்த காலத்தில் மாவட்டக் கஜானா காசி செட்டி என்பவரின் பொறுப்பில் இருந்தது. கலெக்டரின் முழு நம்பிக்கையையும் பெற்றிருந்த அவர், அரசுப் பணத்தைத் தம் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார். கச்சேரி உத்தியோகங்களில் அவருக்கு வேண்டியவர்கள் அமர்ந்தனர். கீழிருந்து புகார் எழுந்தாலும் அதைக் கேட்க வேண்டியவர்கள் அவருடைய ஆட்களே. 1816-இல் தாமஸ் மன்றோவும் சல்லிவனும் நடத்திய விசாரணை இந்த வலையை வெளிக்கொணர்ந்தது.

மன்றோ 1820-இல் சென்னை ஆளுநரானார். 1822-இன் 9-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அவர் காலத்தில்தான் பிறந்தது. கையாடல், லஞ்சம், பொய்க்கணக்கு ஆகியவற்றில் ஈடுபட்ட வருவாய்த்துறை ஊழியர்களை விசாரித்துத் தொகையை மீட்கும் அதிகாரத்தை அது கலெக்டருக்கு வழங்கியது. மெதுவாக நகரும் நீதிமன்றங்களை நம்பியிருந்தால் பணம் கைமாறி மறைந்துவிடும் என்பது இதற்கான நியாயம்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் கொள்ளை வளர்ந்ததற்குக் காரணம் கலெக்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தாக வந்த சட்டமோ அதே கலெக்டரின் கையில் விசாரணையை ஒப்படைத்தது. அவர் விழிப்புடன் இருந்தால் சட்டம் பயன்படும். உறங்கினால் அதுவும் உடன் உறங்கும். குண்டூர் இதற்குச் சான்று. அங்கும் சுதேசி உத்தியோகஸ்தர்களின் பிடியில் வருவாய் நிர்வாகம் சீரழிந்து, 1845-இல் வால்டர் எலியட்டை அனுப்ப வேண்டி வந்தது. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவராக நாம் போற்றும் எலியட் இவரேதான்.

மன்றோ நோயின் மூலத்தை அறியாதவரல்லர். 1824 டிசம்பர் 31 தேதியிட்ட புகழ்பெற்ற குறிப்பில், சுதேசிகளுக்கு உயர்பதவியும் போதிய ஊதியமும் தராமல் அவர்களிடம் நேர்மையை எதிர்பார்க்கலாகாது என்று வாதிட்டார். ஐரோப்பியருக்குக் கொழுத்த சம்பளம் தந்து நேர்மையை வளர்த்த கம்பெனி, கஜானாச் சாவியைச் சொற்பச் சம்பளக்காரரிடம் கொடுத்துவிட்டு, திருட்டை அவரது இனத்தின் இயல்பு என்று எழுதிவைத்தது. அந்தக் குறிப்பின் நியாயத்தைக் கம்பெனி அரசு முழுமையாக ஏற்கவில்லை. தண்டிக்கும் சட்டமே நிலைத்தது.

இன்னொரு கேள்வியும் எஞ்சுகிறது. கஜானாவில் குறைந்த பணம் சர்க்காரின் இழப்பாகக் கணக்கில் ஏறியது. ஆனால் அது முதலில் குடியானவனின் வரிப்பணம். சாகுபடி பொய்த்த ஆண்டிலும் அவன் கட்டிய தொகை. கணக்கேடுகளில் சர்க்காரும் ஊழியரும் எதிரெதிரே நிற்கிறார்கள். குடியானவன் அங்கே வசூல் நிலுவையாக மட்டுமே தென்படுகிறான். காலனியக் கையாடல் வரலாற்றை எழுதும்போது அந்த மூன்றாமவனையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.