முழுநேர ஆர்.வி. வாழ்வுக்கான வீட்டுச் சாமான் குறைப்பு

பணி ஓய்வுக்குப் பின் ஆர்.வி. எனப்படும் குடியிருப்பு ஊர்தியிலேயே ஆண்டு முழுதும் வாழப் புறப்படும் அமெரிக்கர்கள், வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ முன், அதில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பொருள்களைக் கழித்துத் தீர்க்கும் நடைமுறை. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் நடிகர்களின் கேரவன் இவ்வூர்திக்கு நெருங்கிய உறவு. கேரவன் ஒப்பனைக்கும் ஓய்வுக்கும் உரியது, ஆர்.வி.யோ சமையலறை, கழிப்பறை, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை எல்லாம் கொண்டு அதில் ஏறியவர்களுக்கு ஒரே வீடாகிவிடுகிறது. இப்படி வாழ்பவர்களை அங்கே ‘ஃபுல்டைமர்’ என்பார்கள். கே பீட்டர்சன், ஜோ பீட்டர்சன் தம்பதியர் 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் ஆர்.வி. கிளப் இவர்களுக்கான பழைய அமைப்புகளில் ஒன்று; டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் அதன் தலைமையிடம்.

ஊர்தியில் குடியேறும் முதியவர்கள் எல்லாரும் விரும்பிப் போனவர்கள் அல்லர். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வீட்டு வாடகையோ கடன் தவணையோ கட்ட வழியில்லாமல் வேனுக்குள் வாழத் தொடங்கியவர்களை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியான ‘நோமேட்லேண்ட்’ நூலில் பதிவு செய்தார். குளோயி ஜாவோ அதைத் தழுவி 2020இல் எடுத்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அவர்களில் பலருக்கு எதை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை. இங்கே பேசப்படுவது அந்த அவகாசம் உள்ளவர்களின் கதை.

எடைக் கணக்கு

புதிதாக இறங்குபவர்கள் முதலில் பார்ப்பது இடத்தை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஊர்தியின் அகலம் பொதுவாக எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. நீளம் 40 அடி என்றால்கூட 340 சதுர அடிதான் வரும். நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே தள்ளிக்கொள்ளும் ‘ஸ்லைட்-அவுட்’ அறைகள் இன்னும் கொஞ்சம் கூட்டும். 2,000 சதுர அடி வீட்டிலிருந்து வருபவருக்கு இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது எடை. ஒவ்வொரு ஊர்திக்கும், சுமையோடு சேர்த்து இவ்வளவுதான் இருக்கலாம் என்ற உச்ச எடையைத் தயாரிப்பாளர் வரையறுக்கிறார். அதிலிருந்து ஊர்தியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே குடியிருப்பவர்களுக்கு உரியது. கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும். என்ஜின் உள்ள ஊர்திகளில் ஏறும் மனிதர்களின் எடையும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

தண்ணீரும் அதற்குள்தான். ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு எடையுள்ளது. 60 கேலன் தொட்டியை நிரப்பினால் ஏறத்தாழ 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல், ஒரு பாத்திரம்கூட ஏறுமுன் போய்விடுகிறது. ஸ்லைட்-அவுட்டின் இயந்திரமும் கனமானது. அது இடத்தைக் கொடுத்துவிட்டு எடை அனுமதியைத் தின்கிறது. விற்பனைக் கூடத்தில் அலமாரிகளைத் திறந்து காட்டுகிற அளவுக்கு யாரும் இந்தச் சீட்டைக் காட்டுவதில்லை. அலமாரி காலியாக இருப்பதால் அதை நிரப்பிவிடலாம் என்று பொருளில்லை. மிகைச் சுமையால் டயர் சூடேறி ஓட்டத்திலேயே வெடிக்கலாம், பிரேக் பிடித்தும் வண்டி நிற்கும் தூரம் கூடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் சாமான் ஏற்றியபின் லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் நிறுவனத்தின் எடைமேடையில் வண்டியை நிறுத்தி, அச்சுவாரியாக எடை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது புத்தகம். சிறிய அட்டைப்பெட்டி ஒன்று நிறைந்தாலே 15 கிலோவை எட்டிவிடும். அடுத்தது கராஜில் இருக்கும் தச்சுக் கருவிகளும் வார்ப்பிரும்புச் சட்டிகளும். வார்ப்பிரும்பைப் பற்றி முழுநேரக்காரர்களிடையே முடிவில்லாத வாதம் உண்டு. ஒரு சட்டியாவது வேண்டும் என்பவர்களே அதிகம்.

கழிக்கும் வழிகள்

எளிய வழி கராஜ் சேல். வார இறுதியில் வீட்டு வாசலிலேயே மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டி விற்பது. வீடே காலியாக வேண்டும் என்றால் ‘எஸ்டேட் சேல்’ நடத்தும் நிறுவனத்தை அமர்த்துவார்கள். அது விற்ற தொகையில் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒருவர் இறந்தபின் நடக்கிற இந்த விற்பனையை உயிரோடு இருக்கும்போதே நடத்துவதால், அன்று வீட்டில் இருக்க வேண்டாம் என்று நிறுவனத்தாரே உரிமையாளர்களிடம் சொல்லிவிடுவது உண்டு. தன் கட்டிலருகு மேசையை அந்நியர் ஒருவர் தட்டிப் பார்த்து, இழுப்பறையை இழுத்துப் பார்த்து, ஐந்து டாலர் குறையுங்கள் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்பது எளிதல்ல. குறுக்கே பேசினால் வியாபாரமும் கெடும்.

மற்றவை கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வழியாகவும், 2003இல் அரிசோனாவின் டூசானில் தொடங்கிய, இலவசமாகக் கைமாற்றிக்கொள்ளும் ஃபிரீசைக்கிள் வழியாகவும் போகும். மிஞ்சுவதை குட்வில், சால்வேஷன் ஆர்மி கடைகளுக்கும், கதவு, விளக்கு, தட்டுமுட்டுச் சாமான் போன்றவற்றை ஹாபிடாட் அமைப்பின் ரீஸ்டோர் கடைகளுக்கும் கொடுப்பார்கள். நல்ல நிலையிலுள்ள பொருளைத் தானமாகக் கொடுத்தால், செலவுகளை இனவாரியாகக் காட்டுபவர்கள் வரிக்கழிவு கேட்கலாம். பணமல்லாத தானங்களுக்கான கழிவு 500 டாலரைத் தாண்டினால் வருமான வரித் துறையின் 8283ஆம் படிவமும் வேண்டும். வாங்கிய விலைக்கும் குறைவாக விற்ற வீட்டுப் பொருளின் இழப்பை மட்டும் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது.

யாருக்கும் வேண்டாதவை

உண்மையான சிக்கல் விலையில் தொடங்குகிறது. திருமணப் பரிசாக வந்த, பன்னிரண்டு பேருக்கான பீங்கான் விருந்துத் தட்டுகள் கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்திருக்கும். விளிம்பில் தங்கப் பூச்சு உள்ளதால் மைக்ரோவேவில் வைக்க முடியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் பூச்சு போகும். மகளுக்கு அது வேண்டாம், மருமகளுக்கும் வேண்டாம், கடைக்காரரும் தயங்குகிறார். கனத்த மர அலமாரி, பியானோ ஆகியவற்றின் கதியும் இதுதான். பியானோவை இலவசம் என்றாலும் எடுத்துப்போகும் கூலிக்கு ஆள் தேட வேண்டும். வெள்ளிக் கரண்டிகளில் தனி வெள்ளிக்கு உருக்கு விலையாவது கிடைக்கும், முலாம் பூசியதற்கு அதுவும் இல்லை. இவற்றைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பாசம் குறைந்துவிட்டது என்று வருந்தும் பெற்றோர் பலர். சிறிய அடுக்ககத்தில் வாழ்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேலை மாறும் பிள்ளை அதை வைக்க இடமில்லாமல்தான் மறுக்கிறான் என்பதே பெரும்பாலும் உண்மை. எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு: வளர்ந்து போன பிள்ளைகள் பெற்றோரின் நிலவறையில் விட்டுச்சென்ற கோப்பைகளும் பாடப்புத்தகங்களும். இவற்றுக்குத் தேதி குறித்து, அதற்குள் எடுக்காதவை போய்விடும் என்று சொல்லிவிடுவதே சரி.

புகைப்படங்கள் இடத்தைவிட நேரத்தைத்தான் அதிகம் கேட்கின்றன. ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொன்றிலும் மனம் நின்றுவிடும். அதனால் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. முன்கூட்டியே தொடங்குவது நல்லது. வீடு விற்கும் தேதி நெருங்கியபின் ஆல்பங்கள் அப்படியே ஏதோ ஒரு பிள்ளையின் பரணுக்குப் போகின்றன.

ஏறுபவை

வீட்டில் இல்லாத பல பொருள்கள் புதிதாக ஏறும்: கழிவுநீர்க் குழாய், குடிநீருக்குத் தனிக் குழாய், மின்னழுத்தக் காப்புக் கருவி, சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியைச் சமமாக்கும் கட்டைகள். சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களும், எளிதில் உடையாத தட்டுகளும். ஓடும்போது எல்லாம் ஆடும் என்பதால் அலமாரித் தட்டுகளில் வழுக்காத விரிப்பு போடுவார்கள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே என்பது எழுதாத விதி. அதை மீறுவதற்கென்றே அரிசோனாவில் குவார்ட்சைட் என்ற ஊர் இருக்கிறதோ என்று தோன்றும். குளிர்காலத்தில் பாலைவனத்தில் திரளும் ஆர்.வி.க்காரர்கள் அங்கே சந்தை சந்தையாகச் சுற்றுகிறார்கள். அந்தச் சந்தைகளின் பெயர்பெற்ற சரக்கு கல்லும் கனிமமும்!

காகிதங்களில் கைவசம் வேண்டியவை கடவுச்சீட்டு, ஊர்தி உரிமைப் பத்திரம், உயில், மருத்துவ அதிகாரப் பத்திரம். வரிக் கணக்குத் தாள்களைப் பொதுவாக 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வீடு போனால் முகவரியும் போகும். ஆகவே பலர் மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகியவற்றில் ஒன்றைச் சட்டப்படியான வசிப்பிடமாக்கி, அஞ்சலை வாங்கி அனுப்பும் சேவையில் சேர்கிறார்கள்.

கிடங்கும் திரும்பலும்

முடிவெடுக்க முடியாதவற்றை வாடகைக் கிடங்கில் போடுவது பரவலான வழக்கம். மாதம் 100 டாலர் என்று வைத்தாலும் 5 ஆண்டில் 6,000 டாலர். உள்ளே கிடக்கும் சோபாவும் பெட்டிகளும் பல நேரம் அவ்வளவு பெறாது. ஆனாலும் முதல் ஓராண்டுக்குக் கிடங்கு வைத்துக்கொள்வதைப் பிழையென்று சொல்ல முடியாது. இந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை என்று அதற்குள் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுச் சில மாதம் ஊர்தியில் வாழ்ந்து பார்ப்பது அதைவிட நல்ல ஒத்திகை.

வண்டி ஓட்ட முடியாத வயது வரும்போது சிலர் அடுக்ககத்துக்குப் போய்க் கட்டிலும் மேசையும் மறுபடி வாங்குகிறார்கள். லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் சார்ந்த ‘கேர்’ மையத்தில் அது தேவைப்படுவதில்லை. அங்கே அவரவர் ஊர்தியை நிறுத்தி அதிலேயே வாழலாம். உணவும், மருத்துவரிடம் அழைத்துப்போகும் வசதியும், அன்றாட உதவியும் மையத்திலிருந்து கிடைக்கின்றன.